இருபத்திரண்டு கட்டில்கள்

வீட்டில் கட்டில்கள் இருபத்திரண்டு.
நாங்கள் பதினொரு பேர்.
கணக்கியல் படிப்பவள் என்பதால்
ஆள்சேர்ப்பை என் தலையில் கட்டினார்கள்.
பாதியைப் பாதி என்று
முகம் மாறாமல் சொல்ல ஒருத்தி வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் கடைசி. நெப்ராஸ்காவின் காற்று
புல்வெளியில் நட்டுவைத்த மூன்று கிரேக்க எழுத்துகளில்
நடு எழுத்தை மட்டும் பிடுங்கி
வேதியியல் துறை வாசலில் கொண்டுபோய்ப் போட்டது.
டேட்டம் அதைத் தோளில் சுமந்து வந்தாள்.
"இலவச விளம்பரம்" என்றாள்.

தலைமையகத்திலிருந்து ஆலோசகர் வந்தார்.
பெயர் லாரெல், வயது இருபத்துமூன்று.
சக்கரப் பெட்டி ஒன்று, சிரிப்பு ஒன்று;
இரண்டும் எங்கள் படிக்கட்டில் தடுக்கின.
"அடுத்த ஆண்டுக்குள் முப்பது பேர்.
இல்லையென்றால் சாசனத்தைப் பற்றி
நாம் பேச வேண்டியிருக்கும்."
அந்த 'நாம்' என்ற சொல்லுக்குள்
நாங்கள் இல்லை.

பிறகு பயிற்சி.
கதவு திறந்ததும் எப்படிக் கைதட்டுவது,
எலுமிச்சைச் சாற்றை எந்தக் கையில் பிடிப்பது,
ஒரு பெண்ணிடமிருந்து இன்னொரு பெண்ணுக்கு
பேச்சை எப்படிக் கைமாற்றுவது.
காதலன், கடவுள், கட்சி, குடி, காசு
இந்த ஐந்தையும் வாயெடுக்கக் கூடாது.
மிச்சம் இருந்தது வானிலை.
வானிலையைப் பற்றி நான்கு நாள் பேசினோம்.

பல்கலைக்கழகம் மொத்தமே ஆயிரத்து நானூறு பேர்.
பதிவு செய்த பெண்கள் முப்பத்தெட்டு.
மேட்டின்மேல் வெள்ளைத் தூண் வைத்த வீடு ஒன்று,
நூலகத்தை ஒட்டி இன்னொன்று,
அப்புறம் நாங்கள்,
நிலவறையில் ஈரம் கசியும் மூன்றாவது.

மாரிசோல் இரண்டாம் நாள் வந்தாள்.
அப்பாவுக்கு இறைச்சி ஆலையில் இரவு வேலை.
நாற்காலி நுனியில் உட்கார்ந்து
நேராகக் கேட்டாள்: "எவ்வளவு ஆகும்?"
அறை ஒரு நொடி கைதட்ட மறந்தது.
நான் சொன்னேன்:
பருவத்துக்கு நானூற்றுப் பன்னிரண்டு டாலர், தவணை உண்டு,
சட்டை தனி, அதை வாங்காவிட்டாலும் யாரும் சாக மாட்டார்கள்.
லாரெலின் பேனா நின்றது.
மாரிசோல் மணிக்கட்டில் எண்ணை எழுதிக்கொண்டாள்.
மூன்றாம் நாள் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

தேர்வுக் கூட்டம் விடிகாலை இரண்டு வரை.
"பொருந்துவாளா?" என்று ப்ரின் கேட்டுக்கொண்டே இருந்தாள்.
எதற்கு என்று கடைசியில் டேட்டம் கேட்டாள்.
பதினோராவது கட்டிலுக்கப்புறம்
என்ன வேண்டுமானாலும் பொருந்தும்.

அழைப்பு நாள்.
ஏழு உறைகள் அனுப்பியிருந்தோம்.
கால்பந்துத் திடலைக் கடந்து பெண்கள் ஓடி வந்தார்கள்.
ஒருத்தி எங்கள் எழுத்துகளின் முன் நின்றாள்.
கத்தினோம், குதித்தோம், காகிதத்தூள் வீசினோம்.
அவள் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டு
வெள்ளைத் தூண்களை நோக்கி ஓடினாள்,
தலைமுடியில் எங்கள் காகிதத்தூளோடு.

இரண்டு பேர் வந்தார்கள்.
அதில் ஒருத்திக்கு வழி தெரியாமல் போயிருந்தது;
தெரிந்த பிறகும் போகவில்லை.

அக்டோபரில் விடுதியின் சலவை இயந்திரம் பழுதானது.
எங்களுடையது ஓடிக்கொண்டிருந்தது, உறுமிக்கொண்டு.
ஒரு ஞாயிறு, கூடையோடு மாரிசோல்.
"துவைக்க மட்டும்" என்றாள்.
அடுத்த ஞாயிறு அவள் அறைத்தோழி.
பிறகு மேல்மாடிக்காரிகள் இருவர்.
துணி சுழலும் நாற்பது நிமிடத்தில்
அந்த ஐந்தையும் பேசினோம்,
காசில் ஆரம்பித்து.

நவம்பர் அறிக்கையில் லாரெலுக்கு எழுதினேன்:
உறுப்பினர் பதினேழு.
சேர்த்த முறை என்ற கட்டத்தில்
சலவை இயந்திரம் என்று போட்டேன்.
பதில் இன்னும் வரவில்லை.

முப்பதிலிருந்து பதினேழு போனால்
பதின்மூன்று. அது எனக்குத் தெரியும்.
நடு எழுத்தைக் கொடிக்கயிற்றால் கட்டியிருக்கிறோம்.
ஐந்து கட்டில்கள் காலி.
ஒன்றின்மேல் மட்டும்
யாருடையது என்று தெரியாத ஒரு போர்வை
காய்ந்துகொண்டிருக்கிறது.